அருள், நீ தொட்டி வாங்குவதற்கு முன்

அன்புள்ள அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நீயும் நிவேதாவும் காட்டூருக்குச் சாப்பிட வந்திருந்தீர்கள் அல்லவா, அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். படத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் புல்வெளி மாதிரி பச்சை, பின்னால் செக்கச்செவேலென்று செடிகள், நடுவில் கூட்டமாக நியான் மீன்கள். "அத்தை, ஸ்ரீரங்கத்து வீட்டு ஹாலுக்கு இந்த மாதிரி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கோம். இது சரிவருமா, இல்ல நீங்க வெச்சிருக்கிற மாதிரி அதிகம் வேலை இல்லாத தொட்டியே போதுமா? நீங்கதான் சொல்லணும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுல வேலை கம்மியோ அது போதும்மா. எனக்கெல்லாம் அந்தப் பெரிய தொட்டி சரிப்படாது" என்றாய். அப்புறம் பேச்சு உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் ரிப்பேரான கதைக்குப் போய்விட்டது.

நீயும் அப்பாவும் வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருந்தபோது நிவேதா அடுப்படிக்கு வந்தாள். நான் தட்டுக் கழுவக் கழுவ அவள் துடைத்து அடுக்கினாள். பிறகு, "அவருக்கு ஆசை இல்லாம இல்ல அத்தை. தினமும் ராத்திரி எனக்கு முன்னாடி அவர்தான் அந்த வீடியோவெல்லாம் பாக்குறாரு. ஆனா தன் கை மீனுக்கு ஆகாதாம். சின்ன வயசுல ஒரு தடவை உங்க மீனையெல்லாம் கொன்னுட்டாராமே? சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு" என்றாள். நான் ஏற்கெனவே கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். "யோசிச்சு எழுதி அனுப்புறேம்மா" என்று மட்டும் சொன்னேன். நான் வாட்ஸ்ஆப்பில் ஏதோ பட்டியல் அனுப்புவேன் என்று நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். இது பட்டியலில் அடங்காது. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தன் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய ஒரு பாடம் மட்டும் பதின்மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் எந்தத் தொட்டி நல்லது என்று நான் உனக்குச் சொன்னால் அது யோக்கியமாக இருக்காது.

முதல் தொட்டியை நாம் வாங்கியபோது நீ மூன்றாம் வகுப்பு. உனக்காக வாங்கியதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் எனக்காகத்தான் வாங்கினேன். ஒரு வகுப்புக்கு அறுபது பிள்ளைகள் என்று நாள் முழுவதும் கத்திவிட்டு வருகிறவளுக்கு, சத்தம் போடாத ஓர் உயிர் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தில்லை நகர்ப் பக்கம் இருந்த மீன் கடை பாய்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பூந்தொட்டி மண்ணைக் கீழே பரப்பி, அதன்மேல் அப்பா ஏழெட்டுத் தண்ணீரில் அலசிய ஆற்று மணலைப் போட்டோம். வேலம்பாசியும், ரிப்பன் மாதிரி நீளும் ஒரு செடியும், பத்துக் கப்பி மீன்களும். வயிறு பெருத்த ஒரு கப்பிக்கு நீ உங்கள் கணக்கு சாரின் பெயரை வைத்தாய். அது குட்டி போட்ட அன்று நீ சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறிவிட்டது. தீனி போடுவது உன் வேலை. மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டு பார்ப்பாய். கண்ணாடியில் எப்போதும் ஒரு மூக்குத் தடம் இருக்கும். நான் துடைத்தால் மறுநாள் மறுபடி இருக்கும். அந்தத் தொட்டிக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. குறைகிற தண்ணீரை ஊற்றுவோம், பாசி மண்டினால் பிடுங்கிப் போடுவோம். நாலு வருஷம் அது பாட்டுக்கு நன்றாக இருந்தது.

அது போதாது என்று எனக்குத்தான் தோன்றியது. வீட்டில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் வெளியூர்க்காரர்களின் செடித் தொட்டிப் படங்களைப் பார்த்தேன். மலைச்சரிவு மாதிரி, காட்டுப் பாதை மாதிரி தண்ணீருக்குள் அமைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பும் பச்சையும் என்னைத் தூங்கவிடவில்லை. பாயிடம் போய் விசாரித்தேன். "டீச்சரம்மா, அதுக்கு கரியமில வாயு சிலிண்டர் வெக்கணும், பவர் லைட் வெக்கணும், உரம் அளந்து ஊத்தணும், வாரா வாரம் பாதித் தண்ணிய மாத்தணும். ஒரு வாரம் விட்டீங்கன்னா பாசி புடிச்சு மூடிரும். நீங்க வேலைக்குப் போறவங்க. நல்லா யோசிச்சுக்குங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. மூன்றடித் தொட்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சிலிண்டரும் விளக்கும் சென்னையிலிருந்து பார்சல் லாரியில் வந்தன. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த உன் அப்பா ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து வால்வு பொருத்தித் தந்தார். நம் போர் தண்ணீர் உப்பு ஜாஸ்தி, செடிக்கு ஆகாது என்பதால், குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் பிடித்து வைத்து, வாரம் பத்துப் பதினைந்து பக்கெட் சுமந்தார். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

அந்தத் தொட்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை நிவேதாவும் படிக்கட்டும். நல்ல வெளிச்சமும் வாயுவும் சேர்ந்தால் முற்பகல் பதினொரு மணி வாக்கில் இலைகளிலிருந்து ஆக்சிஜன் முத்து முத்தாகப் புறப்படும். நூல் கோத்த மாதிரி வரிசையாக மேலே ஏறும். ஒரு சனிக்கிழமை நீ என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, செடி மூச்சு விடுதும்மா" என்றாய். ஒளிச்சேர்க்கையை எத்தனையோ விதமாக விளக்கியிருக்கிறேன். அதை நானே கண்ணால் பார்த்தது அப்போதுதான். அந்த நிமிஷத்துக்காக நான் பட்ட பாடெல்லாம் தகும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தத் தொட்டி வீட்டின் சனிக்கிழமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் நீ வாலிபால் டீமில் சேர்ந்து மணப்பாறைக்கு மேட்சுக்குப் போனாய். "அம்மா, நீயும் வாம்மா. எல்லார் வீட்லயும் வராங்க" என்று மூன்று நாள் கேட்டாய். "சனிக்கிழமை தண்ணி மாத்தணும்டா, செடி வெட்டணும். அடுத்த மேட்சுக்கு வரேன்" என்றேன். அப்பா வந்தார். சாயங்காலம் இருவரும் ஆளுக்கு ஒரு பொட்டலம் முறுக்கோடு திரும்பினீர்கள். கடைசி செட்டில் நீ அடித்த சர்வீஸைப் பற்றி அப்பா கையை வீசி வீசிச் சொன்னார். நான் முழங்கை வரை ஈரத்தோடு, கத்தரியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மேட்ச் என்று நான் சொன்னதை நீ மறுபடி நினைவுபடுத்தவே இல்லை. ஏன் நினைவுபடுத்தவில்லை என்பதற்கு இனி நான் சொல்லப்போவதுதான் காரணமாக இருக்கும்.

அதே வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று நம் வீட்டுத் தொட்டியைப் பார்க்க நாலு பேர் வருவதாக இருந்தது. இணையத்தில் பழக்கமான செடித் தொட்டிக்காரர்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும், இங்கே திருச்சியிலிருந்து இரண்டு இளைஞர்கள். ஒரு மாதமாக நான் அதற்கே தயாராகிக்கொண்டிருந்தேன். செடிகள் நான் நினைத்த அளவு சிவக்கவில்லை என்று எனக்கு ஒரு குறை. வெள்ளிக்கிழமை காலை ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில், வாயு வால்வைத் திறக்கும்போது வழக்கமான இடத்தில் நிறுத்தாமல் இன்னும் கால் சுற்று திருப்பினேன். இரண்டு நாள் கொஞ்சம் கூடப் போனால் சிவப்பு ஏறும் என்று ஒரு கணக்கு. திருப்பினால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். போகிற போக்கில், "அருள், மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுட்டுப் போடா" என்று உன்னிடம் சொன்னேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நீ யூனிஃபார்மோடு தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாய். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர். தொட்டியில் முப்பது நியான் மீன்களில் பெரும்பாலானவை மணலில் கிடந்தன. சில செடிகளில் சிக்கியிருந்தன. உன் காலடியில் ஒரு பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் ஐந்து மீன்களை விட்டு, கையால் கலக்கிக்கொண்டே இருந்தாய். என்னைப் பார்த்ததும், "அம்மா, எல்லாம் மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடுச்சும்மா. நான் வரும்போதே நெறைய..." என்றாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. "எவ்ளோ தீனி போட்ட? டப்பாவ அப்படியே கவுத்தியா? யாரக் கேட்டு மீனப் புடிச்சு பச்சத் தண்ணில விட்ட? கைய விட்டு வேற கலக்குற!" என்று கத்தினேன். "ஒரு சிட்டிகதாம்மா போட்டேன்" என்று நீ இரண்டு முறை சொன்னாய். மூன்றாவது முறை, "கொஞ்சம் ஜாஸ்தி விழுந்துருச்சோ என்னவோ" என்றாய். உனக்கே உன்மேல் சந்தேகம் வருகிற அளவுக்கு நான் கத்தியிருக்கிறேன். பிறகு நீ பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

நீ போன பிறகுதான் தொட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். கண்ணாடியின் உட்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒட்டியிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குள் இருக்கும் திரவம் வாயு குறைந்தால் நீலமாகவும், சரியாக இருந்தால் பச்சையாகவும், அளவு மீறினால் மஞ்சளாகவும் மாறும். அது எலுமிச்சம்பழ மஞ்சளில் இருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. தின்னாத தீனி ஒரு துளிகூட மணலில் இல்லை. தீனி கூடிப்போனால் மீன் இப்படி ஒரே நாளில் கூட்டமாகச் சாகாது என்பது கப்பி வளர்க்கிறவர்களுக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? என் கால் சுற்றில் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நான் செய்தது என்ன தெரியுமா அருள்? சிலிண்டரை மூடினேன், வால்வை அப்படியே விட்டுவிட்டேன். அந்த மஞ்சளை யாரும் பார்க்காதபடி குமிழைக் கழற்றி, திரவத்தைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றி மாட்டினேன். உன் அறைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிறன்று வரலாம் என்று இருந்தவர்கள் வந்தார்கள். நானும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. செடிகள் நன்றாகவே இருந்தன. வாயு கூடினால் செடிக்கு ஒன்றும் ஆகாது. "மீன் ரொம்பக் கம்மியா இருக்கே மேடம்?" என்று டாக்டர் கேட்டார். நீ அப்போது தட்டில் ஜூஸ் டம்ளர்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தாய். "பையன் தீனிய அள்ளிக் கொட்டிட்டான் சார்" என்று நான் சிரித்தபடி சொன்னேன். அவர் உன் தோளில் தட்டி, "பரவால்ல தம்பி, எல்லாரும் ஒரு தடவை பண்றதுதான்" என்றார். "சாரி அங்கிள்" என்றாய். அவரிடம் எதற்கடா நீ சாரி சொன்னாய்? தட்டை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன், அவர்கள் கிளம்பும்வரை இறங்கி வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் கத்தினதைக்கூட அதிர்ச்சியில் கத்திவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை சொன்னதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. தெரிந்தே, நாலு பேர் முன்னால், உன் காது கேட்கச் சொன்னேன். தொட்டி விஷயத்தில் தப்பே செய்யாதவள் என்ற பேரை ஒரு டாக்டரிடம் காப்பாற்றிக்கொள்ள.

அதற்கப்புறம் கண்ணாடியில் மூக்குத் தடம் வரவில்லை. ஹாலில் தொட்டியைத் தாண்டிப் போகும்போது நீ சுவர் ஓரமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் பார்த்தேன். நீ பக்கெட்டில் விட்ட ஐந்து மீன்களும் பிழைத்துக்கொண்டன. வாயு நிறைந்த தண்ணீரிலிருந்து எடுத்து, வேறு தண்ணீரில் விட்டு, காற்றுக் கலக்கும்படி கையால் கலக்கிவிட்டிருக்கிறாய். பதினாலு வயசுப் பையன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், என்ன நடக்கிறது என்றே தெரியாமல், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறாய். நானே அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த ஐந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தன. தினமும் அவற்றுக்குத் தீனி போடும்போது உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பரீட்சை முடியட்டும் என்பேன். அப்புறம் நீ ப்ளஸ் டூ, அப்புறம் காலேஜ், அப்புறம் வேலை. நாள் ஆக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. நீ மறந்திருப்பாய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். நீ மறக்கவில்லை என்று நிவேதா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெரிய தொட்டி எப்படி இப்போதைய தொட்டியானது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது, நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். பக்கெட்டோடு வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது என்றுதான் போனில் சொன்னோம். கட்டுப் போட்டிருந்த இரண்டு மாதமும் நான் தொட்டியில் கை வைக்க முடியவில்லை. அப்பாவை வெட்டச் சொன்னால் செடியையும் வெட்டினார், வாயுக் குழாயையும் சேர்த்து வெட்டினார். கண்ணாடி முழுக்கப் பாசி. வெறுத்துப்போய் ஒரு நாள் வாயுவை நிறுத்தினேன். விளக்கைப் பாதியாகக் குறைத்தேன். சிவப்புச் செடிகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின. அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அகல இலைச் செடிகளும், கட்டையில் ஒட்டிக்கிடந்த பெரணியும் மெல்ல மெல்லத் தலையெடுத்தன. ஆறு மாதத்தில் பாசி அடங்கியது. பாயிடம் சொன்னபோது, "இதுவும் தொட்டிதானம்மா" என்று சொல்லி, இருபது கப்பிகளைப் பையில் கட்டிக் கொடுத்தார். இப்போது மாதம் ஒரு தடவை வெட்டுகிறேன், ஆவியாகிற தண்ணீரை ஊற்றுகிறேன். நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தாலும் அது அப்படியே இருக்கிறது. காலையில் காப்பியோடு அதன் முன்னால் நானும் அப்பாவும் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு இப்போது இது போதுமாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயசில் எனக்குப் போதுமாக இருப்பது இருபத்தேழில் உங்களுக்கும் போதுமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

சரி, நிவேதாவின் கேள்விக்கு வருகிறேன். சிவப்புத் தொட்டிதான் வேண்டும் என்றால் அது முடியாத காரியம் இல்லை. என்னைவிட உங்களுக்கு வசதிகள் அதிகம். உங்கள் குழாயில் வருகிற தண்ணீர் எங்கள் போர் தண்ணீரைவிட மிருதுவானது. வாயுவைத் தானே திறந்து மூடும் வால்வு இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. அன்றைக்கு நான் அது இல்லாமல் கையால் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்: வாயுவைக் கூட்டுவது வீட்டில் இருக்கும் நாளில் மட்டும், கூட்டினால் மயிரிழை அளவு, கூட்டிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மீனைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு அரை நாள் அதற்குப் போய்விடும். அந்த அரை நாளை இருவரும் சேர்ந்து கொடுப்பதாக இருந்தால் சந்தோஷம். ஒருவர் மட்டும் கொடுத்து இன்னொருவர் சினிமாவுக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தால், வேண்டாம். வேலை குறைந்த தொட்டிதான் என்றால், கிழக்கு ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், வெயில் பட்டால் பாசி பிடிக்கும். விளக்கு ஆறு மணி நேரம் போதும். முதல் நாளே செடியை நெருக்கமாக நட்டுவிடுங்கள், மீனுக்கு ஒரு மாதம் பொறுங்கள். எதுவானாலும் தண்ணீரும் மணலும் சேர்ந்து நூறு கிலோ வந்துவிடும். அந்த டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கலாம் என்று நினைக்காதே.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். நீ பயந்துகொண்டு தேர்ந்தெடுப்பதுதான் எனக்குச் சம்மதம் இல்லை. வேலை பிடிக்காது என்று சின்னத் தொட்டியை எடுத்தால் அது உன் இஷ்டம். உன் கை ஆகாத கை என்று எடுத்தால், அது நான் சொன்ன பொய்யால் வந்தது. மீன்களைக் கொன்றது நான். பிழைத்த ஐந்தும் உன் கையால் பிழைத்தவை.

இவ்வளவும் திங்கட்கிழமை எழுதியது. மடித்துப் பைபிளுக்குள் வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி தேடிய அப்பா இன்று காலை அதை எடுத்துப் படித்துவிட்டார். படித்து முடித்து, பழையபடி மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "ஏம்மா, என்னையும் சேத்து எழுது" என்றார். "உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றேன். "அன்னைக்கே தெரியும். நான்தான வால்வு மாட்டுனேன். சாயங்காலம் வந்து பாத்தேன், வால்வு எவ்ளோ திரும்பி நின்னுச்சுன்னு. நீயே அவன்கிட்ட சொல்லிடுவன்னு நெனச்சேன். நீ சொல்லல. நானும் விட்டுட்டேன்" என்றார். பதின்மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருவரும் ஒரே விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய், அழுகை வந்தது. அதுவும் போன பிறகு, ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. அவர் சொன்னபடியே அவரையும் சேர்த்து எழுதிவிட்டேன். எங்கள் இருவரையும் மன்னித்துவிடு அருள். உடனே முடியாவிட்டால் மெதுவாக மன்னி. கோபம் வந்தால் அடக்காதே, போனில் கத்து. நீ என்னிடம் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

சனிக்கிழமை காலை நானும் அப்பாவும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து வருகிறோம். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நான் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். நீ படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்பா உன்னோடு இருப்பார். லிஃப்ட் இல்லாமல் மூன்று மாடி ஏறி வந்திருப்பார், முதலில் அவருக்குத் தண்ணீர் கொடு, பிறகு திட்டு. நாங்கள் திரும்பி வருவதற்குள், எந்தத் தொட்டி என்பதை உனக்குள் யோசித்து வை. நிவேதாவோடு பேசி முடிவெடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம். தண்ணீர் தெளிந்து, செடி வேர் பிடித்து, மீன் வாங்கி வருகிற அன்றைக்கு, பையைப் பிரித்து முதல் மீனைத் தொட்டியில் விடுவது நீயாக இருக்க வேண்டும். நிவேதா ஆசையாகக் கேட்டாலும் கொடுக்காதே.

உன் அம்மா